கொன்டெய்னர் வராத சனிக்கிழமை

எங்கள் வீட்டில் நோர்வேக்காரர் என்று சொல்லப்பட்டவர் வெள்ளைக்காரர் அல்ல, யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரர். ஊரில் பிரச்சினை தொடங்கியதும் புறப்பட்டு, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் நோர்வேயில் போய் நின்றவர். லண்டனில் இருந்த எங்களை யாரும் லண்டன்காரர் என்று சொன்னதில்லை. நோர்வே, டென்மார்க் என்று குளிருக்குள் போய் விழுந்தவர்களுக்குத்தான் நாட்டின் பெயர் ஒட்டிக்கொள்ளும். அவர் என் சின்னம்மாவைப் பெண் பார்க்க வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அந்தக் கலியாணப் பேச்சில் நானும் ஒரு முக்கியமான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வகையில் அது உண்மையும்தான்.

அப்போது நாங்கள் மோர்டனுக்கு வந்து சில மாதங்கள்தான். அதற்கு முன் மனோர் பார்க்கில் ஒரு மாடியறை, ஈஸ்ட்ஹாமில் இன்னொருவர் வீட்டுக் கூடம், டூட்டிங்கில் சுவர் எப்போதும் ஈரமாயிருந்த ஒரு நிலவறை. வீட்டுக்காரர் வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் எழும்புவோம். பாத்திரங்கள் ஒரு பெட்டியில், சாமிப் படங்கள் ஒரு பெட்டியில், நான் ஒரு கையில். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பள்ளிக்கூடம், ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒரு நிறத்தில் சட்டை. நான் அரைகுறையாகப் படித்தவள் என்பதற்கு அந்தப் பள்ளிக்கூடங்களைக் குறை சொல்லமாட்டேன். ஒன்றிலும் அவர்கள் என்னைத் திருத்துமளவுக்கு நான் தங்கவில்லை.

மோர்டன் வேறு மாதிரியான இடம். டியூப் ரயில் அதோடு முடிகிறது. அதற்கு மேல் தண்டவாளம் இல்லை. ஸ்டேஷனிலிருந்து பஸ் பிடித்தால் ஒரு பெரிய குடியிருப்பு வரும். நகரத்து நெரிசலில் கிடந்த சனங்களைக் கொண்டுவந்து குடிவைப்பதற்காக எப்போதோ யாரோ உட்கார்ந்து, படம் கீறி, முழுவதையும் ஒரே மூச்சில் கட்டியிருக்கிறார்கள். ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள், வீட்டுக்கு முன்னால் இடுப்பளவு வேலி மரம், நாலைந்து தெருவுக்கு ஒரு புல்வெளி. புல்வெளியில் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இருக்கக்கூடாது என்றே விட்டிருக்கிறார்கள். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது தெருப்பெயர்கள். அவை ஆங்கில எழுத்து வரிசையில் போகும். ஒரு மூலையில் ஏ, பிறகு பி, சி என்று நடந்து நடந்து மற்ற மூலைக்குப் போனால் டபிள்யூ. எங்களுடையது எம். எங்கே விட்டாலும் எழுத்தைப் பார்த்து வீட்டுக்கு வந்துவிடலாம். அதுவரை ஒவ்வொரு இடத்திலும் தொலைந்துபோய் யாரோ ஒருவர் கையில் பிடித்துக் கொண்டுவந்து விட்ட எனக்கு, அந்தத் திட்டத்தைப் போட்டவர் என்னை நினைத்தே போட்டதாகப் பட்டது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. எங்களுக்குப் பிந்தி, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் மூலம் வந்தவள். வழியில் ஒரு குளிர்காலம் முழுக்க ஏதோ ஒரு நாட்டில் நின்றுவிட்டு வந்தவள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். பகலில் சாண்ட்விச் செய்யும் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் எனக்கென்று ஒரு வேலை இருந்ததும் அவளால்தான். அவள் குளிக்கப் போனால் குளியலறைக் கதவைச் சும்மா சாத்துவாளே தவிரப் பூட்டமாட்டாள். நான் வெளியே நடையில் உட்கார்ந்து காவல் இருக்கவேண்டும். சும்மா இருக்கக்கூடாது, ஏதாவது கதைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டுகள், வாய்ப்பாடு, தெருப்பெயர்கள் எல்லாவற்றையும் சொல்வேன். நிறுத்தினால் உள்ளிருந்து, "பிள்ளை, இருக்கிறியோ?" என்று குரல் வரும். "ஓம், இருக்கிறன்." பெரிய மனிதர்கள் எல்லோருமே இப்படித்தான் குளிப்பார்கள் என்றும், கள்ளன் வராமல் பார்ப்பதற்காக வீட்டுக்கு ஒரு பிள்ளை வைத்திருப்பார்கள் என்றும் நினைத்திருந்தேன்.

சாதகம் பொருந்தி, நோர்வேக்காரர் லீவு போட்டு வந்து விம்பிள்டனில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கினார். முதல் நாள் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தாயிற்று. பிறகு ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒல்லியான ஆள், உடம்புக்குப் பெரிதான ஜாக்கெட். வடக்கே மீன் தொழிற்சாலையில் கொஞ்சக் காலம் நின்று, கைவிரல்கள் குளிரில் தடித்துப்போயிருந்தன. இப்போது ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை என்றார். எங்களுக்குப் பரிசாக ஒரு மண்ணிறக் கட்டி கொண்டுவந்தார். அம்மா அது ஏதோ வெளிநாட்டுப் பனங்கட்டி என்று சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தாள். அது பாலாடைக்கட்டி. சாமி வேண்டாம் என்று சொல்லவில்லை; எங்களால்தான் தின்ன முடியவில்லை.

அவர் தன் உத்தியோகத்தைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ அதிகம் பேசவில்லை. பேசியதெல்லாம் அவர் இருக்கிற இடத்தைப் பற்றித்தான். ஒஸ்லோவிலிருந்து நிலக்கீழ் ரயிலில் போய் இறங்குகிற ஒரு குடியிருப்பு. காடாயிருந்த மேட்டில் ஒரேயடியாகத் திட்டம் போட்டுக் கட்டியது. போட்டோக்களை மேசையில் பரப்பினார். வெள்ளைப் பனி, கறுப்பு மரங்கள், அவற்றுக்கு நடுவே உயரமான மாடிக் கட்டிடங்கள் வரிசையாக. அப்பா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எல்லாம் பிளாட்தானோ தம்பி? காணி கீணி ஒண்டும் இல்லையோ?"

"காணி எல்லாருக்கும் பொது அண்ணை. காடும் பொது."

"அப்ப ஒருத்தனுக்கும் இல்லை எண்டு சொல்லுங்கோ" என்றார் அப்பா.

சின்னம்மா தேத்தண்ணி கொண்டுவந்தவள், ஒரு போட்டோவைக் கையில் எடுத்தாள். அந்த மாடிக் கட்டிடங்களைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அம்மா பின்னால் போய் ஏதோ கேட்டாள். எனக்குக் கேட்டது கடைசி வரி மட்டும்: "மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு அக்கா. அந்த இடத்தைத்தான் ஏலாமல் கிடக்கு."

அவர் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போவதாக இருந்தது. அதற்குள் பதில் சொல்லவேண்டும். இரண்டு பேரும் கொஞ்சம் கதைத்துப் பார்க்கட்டும் என்று அம்மா சொல்ல, தனியாக விடுவது எப்படி என்று அப்பா யோசிக்க, என்னைக் கூட அனுப்புவதென்று முடிவாயிற்று. புறப்படுமுன் சின்னம்மா தன் வேலைச் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். தான் கேட்டால் நன்றாக இருக்காதாம். சின்னப்பிள்ளை கேட்டால் ஒருவரும் பிழையாக எடுக்கமாட்டார்களாம்.

நாங்கள் மூவரும் எம் எழுத்துத் தெருவில் தொடங்கி நடந்தோம். நான் நடுவில். அவர் வேலி மரங்களையும் புல்வெளிகளையும் நின்று நின்று பார்த்தார். தெருப்பெயர் வரிசையைப் பற்றி நான் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார்.

"உண்மையாவோ? இதைப் போட்டவன் கெட்டிக்காரன். எங்கடை இடத்திலையும் இப்பிடி யோசிச்சுத்தான் செய்திருக்கினம்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. வந்த வேலையைத் தொடங்கினேன்.

"உங்கடை வீட்டிலையிருந்து ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?"

"நடக்கிற தூரம்தான் பிள்ளை. ஸ்டேஷனை நடுவிலை வைச்சுத்தான் மற்றதெல்லாம் கட்டினது. கடை, லைப்ரரி, டொக்டர், பள்ளிக்கூடம் எல்லாம் அதைச் சுத்தி. எந்தப் பாதையிலை போனாலும் கடைசியிலை ஸ்டேஷனுக்குத்தான் வரும்."

"ஒரு பொம்பிளை தனிய நடந்து போகலாமோ?"

"கார் ஓடுற ரோட்டு வெளியாலை சுத்திப் போகுது. நடக்கிற பாதை வேறை. சின்னப்பிள்ளையளே ஒரு ரோட்டையும் கடக்காமல் பள்ளிக்கூடம் போவினம். பனிக்காலம் முழுக்க லைட் எரியும்."

"கதவிலை ஆருடைய பேர் போடுவினம்?"

இந்தக் கேள்விக்கு அவர் சின்னம்மாவைப் பார்த்தார். அவள் வேலி மரத்தில் ஒரு இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "இருக்கிற எல்லாற்றை பேரும் போடவேணும். கீழை தபால்பெட்டியிலையும் போடவேணும். இல்லாட்டித் தபால்காரன் போடமாட்டான்" என்றார் அவர்.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு அந்த இடம் கண்முன்னால் எழும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் வெயில் விழவேண்டும் என்று கட்டிடங்களைத் திருப்பி வைத்தது. நிலவறையில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சலவை அறை. மணி நேரம் குறித்த சுவர்ப் பலகையில் உன் பூட்டை மாட்டி உன் நேரத்தை நீயே பிடித்துக்கொள்ளலாம். கடைசிக் கட்டிடத்தோடு காடு தொடங்கிவிடும். அதற்குமேல் ஒருவரும் ஒரு கல்லும் வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சனங்கள் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு ரயிலில் வருவார்கள். நான் அங்கேயே குடிபோய்விட்டேன்.

சின்னம்மா அப்போதுதான் முதல்முறையாக வாய் திறந்தாள். "சனம் கதைக்குமோ?" என்று கேட்டாள், புல்வெளியைப் பார்த்துக்கொண்டு.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். "இல்லை" என்றார். "லிப்டிலை நிலத்தைப் பாத்துக்கொண்டு நிப்பினம். பனிக்காலத்திலை ஒரு வணக்கமும் இல்லை."

சின்னம்மாவின் முகம் விழுந்ததை நானே பார்த்தேன்.

"ஆனால் டுக்நாட் எண்டு ஒரு நாள் இருக்கு" என்று அவசரமாகச் சேர்த்தார். வசந்தம் வந்ததும் ஒரு சனிக்கிழமை, கட்டிடத்தில் உள்ள எல்லோரும் வெளியே வந்து, பொது இடத்தைக் கூட்டி, குப்பை பொறுக்கி, வேலிக்குப் பூச்சுப் பூசி, பிறகு ஒன்றாக இருந்து சாப்பிடுவார்களாம். டொக்டரும் வருவாராம், பஸ் ஓட்டுகிறவரும் வருவாராம். வராமல் விட்டால் ஆள் வந்து கதவைத் தட்டி, சுகமில்லையோ என்று கேட்குமாம். போன முறை இவர் காய்ச்சலில் படுத்திருக்க, ஆறு மாதம் முகம் பார்க்காத கிழவர் ஒருவர் கதவைத் தட்டிக் கஞ்சி மாதிரி ஏதோ கொடுத்துவிட்டுப் போனாராம்.

"எனக்கு நம்பிக்கை இல்லை" என்றாள் சின்னம்மா. கேலியாகச் சொன்னாளோ கவலையாகச் சொன்னாளோ தெரியாது. அவர் கேலியாக எடுக்கவில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. அப்பா பெட்ரோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்திருந்தார். எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஒரு ஒழுங்கை, ஒடுங்கிய சந்து, இருந்தது. அதைத் திட்டம் போட்டவர் நல்ல எண்ணத்தோடுதான் போட்டிருப்பார். ஆனால் காலப்போக்கில் அது ஒருவருக்கும் சொந்தமில்லாததால் எல்லோருடைய குப்பைக்கும் சொந்தமாகிவிட்டது. பழைய மெத்தைகள், ஒரு குளிர்சாதனப் பெட்டி, சக்கரமில்லாத சைக்கிள், இவற்றின்மேல் முட்செடி. காலையில் நான் பின்கதவைத் திறந்தபோது அந்த முட்செடிக்குள் நோர்வேக்காரர் நின்றுகொண்டிருந்தார். கையில் சிநேகிதர் வீட்டு மண்வெட்டி. ஜாக்கெட்டைக் கழற்றி எங்கள் வேலியில் போட்டிருந்தார்.

"பிள்ளை, உனக்கு இங்கிலீஷ் வரும்தானே? வா, கதவு தட்டுவம்."

நாங்கள் தட்டினோம். லண்டனில் நான் கண்ட அத்தனை வீடுகளிலும் பக்கத்துவீட்டுக் கதவை ஒருநாளும் தட்டியதில்லை. அவர் ஆங்கிலமும் நோர்வே மொழியும் கலந்து பேசுவார், நான் அதை ஆங்கிலமாக்குவேன். முதல் வீட்டில் நாங்கள் வேதாகமம் விற்க வந்தவர்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டுக்காரர் இது கவுன்சில் செய்யவேண்டிய வேலை என்று நீண்டநேரம் விளக்கிவிட்டு உள்ளே போனார். எங்கள் பக்கத்துவீட்டு வெள்ளைக்கார மூதாட்டி அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்து, என்ன கூலி என்று கேட்டார். கூலி இல்லை, நீங்களும் வாருங்கள் என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். மூதாட்டி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையுறை எடுத்து வருகிறேன் என்றார்.

மூதாட்டி வந்ததுதான் திருப்பம். அவர் வந்ததைப் பார்த்து எதிர்ச்சந்தியிலிருந்த ஜமேக்காக்காரர் ஒருவர் அரிவாளோடு வந்தார். அவருடைய பிள்ளைகள் வந்தார்கள். கவுன்சில் வேலை என்றவர் கடைசியில் வந்து, வேலை செய்யாமல், எதை எப்படிச் செய்யவேண்டும் என்று சொல்லிக்கொண்டு நின்றார். இரண்டு தமிழ் வீடுகளில் மேல்மாடித் திரைச்சீலை மட்டும் ஆடியது. குப்பை முழுவதும் ஒழுங்கையால் வந்து எங்கள் வீட்டுக்கு முன்னால் குவிந்தது. நோர்வேக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தெருவின் கோடியைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

அந்தச் சத்தத்தில் அப்பா எழும்பி, கட்டியிருந்த சாரத்தோடு வாசலுக்கு வந்தார். தன் வீட்டுக்கு முன்னால் தன் உயரத்துக்கு ஒரு குப்பை மலை நிற்பதைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"துப்புரவு முடிஞ்சுது அண்ணை. கொன்டெய்னர் எத்தனை மணிக்கு வரும்?"

"எந்தக் கொன்டெய்னர்?"

அவர்கள் ஊரில் டுக்நாட் நாளில் பெரிய இரும்புக் கொன்டெய்னர் ஒன்று வந்து நிற்குமாம். எல்லாவற்றையும் அதற்குள் போட்டால் கொண்டுபோய்விடுவார்களாம். மழை வருவதுபோல, சூரியன் உதிப்பதுபோல அது தானாக வருகிற ஒன்று என்று அவர் நினைத்திருந்தார். நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்திருந்தேன். கொன்டெய்னரைப் பற்றி மட்டும் என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அப்பா அவரைக் கோபிக்கவில்லை, மாப்பிள்ளை முறை. வீட்டுக்குள் வந்து அம்மாவைக் கோபித்தார். "பொம்பிளை பாக்க வந்தவன் தெருக் கூட்டுறான். பாத்த சனம் என்ன நினைக்கும்? இந்த ஒரு வீட்டிலையாவது ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்தம். இனி வீட்டுக்காரன் வந்து நிக்கப் போறான். எழும்பு எண்டு சொல்லப் போறான்."

"மெதுவாக் கதையுங்கோ, கேக்கப் போகுது."

"கேக்கட்டும். இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிவராது."

சின்னம்மா மேல்படியில் நின்று இதைக் கேட்டாள். இறங்கி வந்தாள். அப்பாவைத் தாண்டி, செருப்பைக் கொழுவிக்கொண்டு, வெளியே போனாள். நானும் ஓடினேன். ஒழுங்கையில் கடைசியாக ஒரு மெத்தை கிடந்தது. மழையில் ஊறிக் கனத்துப்போன இரட்டை மெத்தை. அவர் ஒரு பக்கத்தைத் தூக்கினால் மறுபக்கம் மண்ணில் இழுபட்டது. சின்னம்மா போய் மறுபக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து, மெத்தையைக் கொண்டுவந்து குப்பை மலையின் உச்சியில் ஏற்றினார்கள். மூதாட்டி கைதட்டினார். மேல்மாடித் திரைச்சீலைகள் இன்னும் கொஞ்சம் விலகின.

பிறகு மூதாட்டியிடமிருந்து ஒரு தட்டில் பிஸ்கட்டும், ஜமேக்காக்காரர் வீட்டிலிருந்து பொரித்த வாழைக்காயும், அம்மா வேறு வழியில்லாமல் போட்ட தேத்தண்ணியும் வந்தன. எல்லோரும் வேலி மரத்தோரம் நின்று சாப்பிட்டோம். அப்பா வரவில்லை. கூடத்து ஜன்னலால், தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவேளை கொன்டெய்னர் வந்துவிடுமோ என்று அவருக்கும் ஒரு நப்பாசை இருந்திருக்கவேண்டும்.

ஞாயிறு காலை அப்பாவோடு வேலை செய்யும் ஒருவரின் வான் வந்தது. அப்பாவும் நோர்வேக்காரரும் முகம் பார்க்காமல் மெத்தைகளை ஏற்றினார்கள். குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு அவர் விடைபெற வந்தபோது, அப்பா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். எங்கள் வீடுகளில் அதற்கு இல்லை என்றுதான் அர்த்தம். அது அவருக்கும் தெரியும். ஜாக்கெட்டின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டு நின்றார்.

"அத்தான், நான் ஸ்டேஷன் மட்டும் போட்டு வாறன். ஒண்டு கேக்க இருக்கு" என்றாள் சின்னம்மா. அப்பா பதில் சொல்லுமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

மோர்டன் ஸ்டேஷன் வாசலில் பஸ்கள் திரும்பிக்கொண்டிருந்தன. சின்னம்மா குனிந்து என் காதில் கடைசிக் கேள்வியைச் சொன்னாள். எனக்கு அது வெட்கமாக இருந்தது. இவ்வளவு நல்ல கேள்விகள் கேட்டுவிட்டு, கடைசியில் இதையா கேட்பது? ஆனாலும் கேட்டேன்.

"உங்கடை வீட்டுக் கதவை உள்ளுக்கிருந்து திறக்க ஏலுமோ எண்டு சின்னம்மா கேக்கிறா."

சின்னம்மா கேக்கிறா என்று சொல்லியிருக்கக்கூடாது. சின்னம்மா என் தோளில் கிள்ளினாள். நான் அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். எந்தக் கதவுதான் உள்ளிருந்து திறக்காது? அவர் சிரிக்கவில்லை. சூட்கேஸைக் கீழே வைத்தார். என்னை விட்டுவிட்டு நேராக அவளிடம் பேசினார்.

"உள்ளுக்கு ஒரு குமிழ் இருக்கு. திருப்பினால் திறக்கும். திறப்புத் தேவையில்லை. படியாலையும் இறங்கலாம், லிப்டிலைதான் வரவேணும் எண்டில்லை. கீழ்க்கதவும் அப்பிடித்தான். வெளியாலை பூட்டுறதுக்குத்தான் திறப்பு. அது ஆளுக்கு ஒண்டு."

பிறகு பொக்கற்றில் தேடி, சாவி வளையத்தில் இருந்த இரண்டு திறப்புகளில் ஒன்றை நகத்தால் நெம்பிக் கழற்றினார். தடித்த விரல்கள், நேரம் எடுத்தது. அதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"சின்னம்மாட்டைக் குடு. வந்தாலும் சரி, வராட்டிலும் சரி, அவவிட்டை இருக்கட்டும்."

சின்னம்மா ஒரு முழத் தூரத்தில்தான் நின்றாள். இதை ஏன் என் வழியாகக் கொடுக்கவேண்டும் என்று விளங்காமல் நான் அதை ஒரு கையிலிருந்து வாங்கி மறு கையில் வைத்தேன். அவள் அதைப் பொத்திக்கொண்டாள். அவர் டிக்கெட் வாசலைத் தாண்டிப் படியிறங்கிப் போனார். எங்கள் ஸ்டேஷனில் ரயில் எப்போதும் காத்து நிற்கும், இருக்கை எப்போதும் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா சம்மதம் என்றாள். அப்பா கொஞ்சம் முணுமுணுத்தார். "மோதிரம் போடவேண்டியவன் திறப்புக் குடுத்திருக்கிறான்" என்று அம்மா சிரித்தாள். அதற்குப் பிறகு வீட்டுக்காரர் வந்து எழும்பச் சொல்லவும் இல்லை. துப்புரவாக்கிய ஒழுங்கையில் நாங்களும் ஜமேக்காக்காரரின் பிள்ளைகளும் சைக்கிள் ஓடினோம். நான் லண்டனில் அதிக காலம் இருந்த வீடும் அதுதான். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், நோர்வேயில் தாலிக்குப் பதிலாகத் திறப்புத்தான் கொடுப்பார்கள் என்று எல்லோருக்கும் சொன்னேன். கலியாண மண்டபத்தில் அவர் தாலி கட்டியபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். கலியாணம் முடிந்து நகைகளையெல்லாம் அம்மா கழற்றி வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கைப்பைக்குள்ளிருந்த திறப்பைச் சின்னம்மா கொடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் ஞாபகப்படுத்தினேன்.

பதினாறு வயதில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஹோட்டல் அறைகள் துடைத்தேன், தோட்டங்களில் பழம் பிடுங்கினேன், ஒரு இடத்திலும் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கவில்லை. அப்படி அலைந்த ஒரு வசந்தத்தில், ஒரு பையோடு சின்னம்மா இருந்த அந்த ஒஸ்லோக் குடியிருப்பின் ஸ்டேஷனில் போய் இறங்கினேன். நோர்வேக்காரர் அன்று ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை. பாதைகள் எல்லாம் ஸ்டேஷனுக்கு வந்தன. கார்கள் எங்கேயோ வெளியே ஓடின. கட்டிடங்கள் போட்டோவில் கண்டதைவிடப் பழசு, சுவரில் மழைக் கறை. ஆனால் ஒவ்வொரு பால்கனியிலும் வெயில் கிடந்தது. கீழே தபால்பெட்டியில் சின்னம்மாவின் பெயர் முதலில் இருந்தது, அவருடையது இரண்டாவதாக.

சலவை அறையில் துணி சுற்றிக்கொண்டிருக்க, சின்னம்மா லண்டனுக்கு வரும் வழியில் நின்ற அந்தக் குளிர்காலத்தைப் பற்றிச் சொன்னாள். அது எந்த ஊர் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. நகரத்துக்கு வெளியே, பனிக்குள், வரிசையாக நின்ற மாடிக் கட்டிடங்களில் ஒன்று. ஏஜென்சிக்காரன் சாப்பாட்டைப் போட்டுவிட்டு வெளியால் பூட்டிக்கொண்டு போவான். ஒருநாள் கீழ்வீட்டிலிருந்து புகை வந்தது. உள்ளே இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள், ஒருவரும் வரவில்லை. புகை தானாக அடங்கியது. "அவருக்கும் வாற வழியிலை அப்பிடி ஒரு ரூம் இருந்தது. அதுதான் நான் கேட்டது அவருக்கு விளங்கினது" என்றாள். பிறகு ஈரத்துணியை உதறி மடித்தாள்.

அன்று பின்னேரம் அவள் குளிக்கப் போனாள். நான் யோசிக்காமல், பழக்கத்தில், குளியலறைக்கு வெளியே நடையில் உட்கார்ந்தேன். என்ன சொல்வதென்று தேடிக்கொண்டிருந்தபோது உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தண்ணீர் திறந்தது. கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது.

"பிள்ளை, இருக்கிறியோ?"

"ஓம், இருக்கிறன்."

"உதிலை ஏன் இருக்கிறாய்? எழும்பிப் போய்ச் சாப்பிடு."